பால்மரப் பட்டையும் டயரின் பூவும்

எறும்பூரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் வாக்கு. தேய்வு ஓசையின்றி நிகழ்வது. நாள்தோறும் மயிரிழை அளவு குறைந்து, குறைந்தது கண்ணுக்குத் தெரியவரும் நாளில் மீட்க இயலாததாகிவிடுவது. மன்னர்களின் போர்களையும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும் வரலாறு என்று வகுப்பறையில் கற்பிக்கும் நாம், தேய்வையும் அளவையும் பற்றிய வரலாற்றை மாணவர்க்கு எடுத்துரைப்பது அரிதாகவே உள்ளது. ஆயினும், மலாயாத் தமிழரின் தோட்ட வாழ்க்கை பல்லாண்டுக் காலம் ஒரு சிற்றளவையைச் சார்ந்தே நடந்தது. அவ்வளவை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்.

பால்மரத்தை ஒருமுறை சீவும்போது கத்தியின் முனையில் சுருண்டு விழும் பட்டைச் சீவலின் கனம் அவ்வளவே. அம்மரத்தின் பாலினால் உருவான டயரிலும் அதே அளவுதான் எல்லைக் கோடாக நிற்கின்றது. டயரின் மேற்பட்டையில் உள்ள பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே தேய்ந்துவிட்டால், அந்த வண்டி சாலையில் ஓடத் தகுதியற்றது என்கிறது சட்டம். இவ்விரண்டு அளவுகளும் ஒத்திருப்பது தற்செயலே. எனினும், தோட்டத்து மரத்தடியில் பிறந்து நெடுஞ்சாலையில் தேய்ந்து முடியும் ஒரே பொருளின் வரலாற்றை அதன் இருமுனைகளிலும் நின்று நோக்க இவ்வொப்புமை நமக்குத் துணை செய்கின்றது.

அவ்வாறு நோக்குதற்கு ஏற்ற ஓர் ஊர் காஹாங். ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், பத்து பகாட்டிலிருந்து ஆயர் ஈத்தாம், குளுவாங் வழியாகக் கிழக்குக் கரைக்குச் செல்லும் கூட்டரசு 50-ஆம் எண் சாலையின்மேல் இச்சிற்றூர் அமைந்துள்ளது. மெர்சிங் நோக்கிச் செல்வோர் இதனைக் கடந்தே செல்லவேண்டும். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாயிலாகிய கம்போங் பெத்தாவுக்குச் செல்லும் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மண்பாதை இவ்வூரிலிருந்தே பிரிகின்றது. தோட்டமும் காடும், நெடுஞ்சாலையும் மண்பாதையும் ஒன்றுகூடும் இவ்வூரில் டயர் என்பது ஆடம்பரப் பொருளன்று; அன்றாட வாழ்வின் அடிப்படை.

விதை கடல் கடந்த கதை

இரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் மாநகரை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. மறு ஆண்டாகிய 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. இன்று மலேசிய மண்ணில் இரப்பர் என்று ஒரு பயிர் இருப்பதற்கு அக்கன்றுகளே மூலம்.

கன்று வந்தது; பயன் வரவில்லை. அமேசான் காட்டில் கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்து வந்தனர். அதனால் மரம் புண்பட்டது. பட்டை சீராக வளரவில்லை. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டார். புதிய புதிய இடங்களில் கொத்துவதை விடுத்து, முன்னர் வெட்டிய வெட்டின் ஓரத்திலிருந்தே மெல்லியதொரு சீவலை எடுத்தால் பால் மிகுதியாகச் சுரக்கும் என்பதையும், மரத்தின் உயிர்ப்பகுதி காயம்படாவிடின் பட்டை மீண்டும் வளரும் என்பதையும் அவர் சோதனைகளால் நிறுவினார். தோட்டக்காரர் பலர் அவரைப் பித்தர் என்றே எள்ளினர். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் அவர் சொற்கேட்டு இரப்பர் பயிரிட்டார். காப்பிப் பயிர் வீழ்ச்சியுற்ற காலம் அது. ஏனைய தோட்டக்காரரும் மெல்ல மெல்ல அவ்வழியே திரும்பினர்.

ரிட்லியின் கண்டுபிடிப்பின் உயிர்நாடி யாது? ஆழத்தை அறிந்து வெட்டுதல் என்பதே. பின்னாளில் இலட்சக்கணக்கான தமிழரின் கைகளில் ஒப்படைக்கப்பட்ட தொழில்நுட்பமும் அதுவே.

வழுக்கிய சக்கரம் பிடிப்புப் பெற்றமை

இனி, பாலின் மறுமுனைக்கு வருவோம். இயற்கை இரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். 1839-இல் அமெரிக்கர் சார்லஸ் குட்யியர், இரப்பரோடு கந்தகம் கலந்து சூடாக்கினால் அது எக்காலத்தும் நெகிழ்ச்சி குன்றாமல் நிற்கும் எனக் கண்டார். காற்றடைத்த டயருக்கு 1845-இல் இராபர்ட் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை பெற்றார். அஃது அக்காலத்தில் வழக்குக்கு வரவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராய் இருந்த ஜான் பாய்ட் டன்லப், மிதிவண்டிக்காக அதனை மீண்டும் உருவாக்கினார். 1895-இல் பிரெஞ்சு நாட்டு மிஷலின் உடன்பிறப்புகள், பாரிஸ் நகரிலிருந்து பொர்தோவுக்குச் சென்று மீளும் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினர்.

அந்நாளைய டயர்கள் வழவழப்பானவை. இன்று எதனை மொட்டை டயர் என்று இகழ்கின்றோமோ, அதுவே அன்றைய புது டயர். ஈரச் சாலையில் வண்டி சறுக்குவதைத் தடுக்க, இரும்பு ஆணி பதித்த தோலுறைகளை டயரின்மேல் பூட்டிய காலமும் இருந்தது. 1904-இல் ஜெர்மனியின் கான்டினென்டல் நிறுவனம் பள்ளமும் மேடுமாக அமைந்த மேற்பட்டையுடைய டயரை வெளியிட்டது. 1908-இல் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ‘சறுக்காதது’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளையே டயரின் மேற்பட்டையில் புடைப்பாக வார்த்தது. அவ்வெழுத்துகளின் விளிம்புகளே சாலையைப் பற்றிக்கொண்டன.

டயருக்குக் கருமை நிறம் வந்ததும் அக்காலத்திற்குப் பின்னரே. தொடக்க கால டயர்கள் வெளிறிய நிறத்தன. கரிப்புகைத் தூளை இரப்பரில் கலந்தால் அது தேய்வைத் தாங்கும் ஆற்றலைப் பன்மடங்காகப் பெறுகின்றது என்பதை இங்கிலாந்தின் சில்வர்டவுன் தொழிற்சாலையில் 1904-ஐ ஒட்டிக் கண்டறிந்தனர். 1910-க்குப் பின் அமெரிக்க நிறுவனங்கள் அதனைப் பெருவழக்காக்கின.

மலாய் மக்கள் டயரின் மேற்பட்டை வடிவத்தைப் ‘பூங்ஙா’, அதாவது ‘பூ’ என்கின்றனர். தேய்ந்ததை ‘போத்தாக்’, அதாவது ‘வழுக்கை’ என்பர். தமிழகத்தார் இப்பூவைப் ‘பட்டன்’ என்பர். தேய்ந்தது அவர்க்கும் ‘மொட்டை’யே. அழகுக்காகப் போடப்பட்ட பூ என்று அப்பெயரைக் கொண்டு ஒருவர் எண்ணிவிடலாகாது. நீருக்கு வழிவிடுவதே அதன் தொழில்.

இதனை நம் தோட்டத்துப் பெரியோர் எளிதில் உணர்வர். பாலை அமிலமிட்டு உறையவைத்து, உருளை எந்திரத்தில் இட்டு நீர் பிழிந்து, இறுதியாகப் புகையறையில் உலர்த்தினர். அவ்வுருளைகளுள் கடைசி உருளை வரிவரியாகப் பள்ளம் வெட்டப்பட்டது. அதில் புகுந்து வரும் இரப்பர்த் தகடு வரிகளைப் பெற்று வெளிவரும். ஈரம் விரைந்து வெளியேறவும் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கவும் அவ்வரிகள் உதவின. நீரை வெளியேற்றும் பள்ளத்தை இரப்பர் முதன்முதலில் பெற்ற இடம் தோட்டத்து ஆலையே எனலாம்.

ஒன்றரை மில்லிமீட்டர்க் கல்வி

மோட்டார் வண்டி பெருகியதும் இரப்பரின் விலை வானளாவியது. ஹென்றி ஃபோர்டின் ‘மாடல் டி’ கார் 1908-இல் வெளிவந்தது. 1910-இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேல் விற்றது. அதற்கு முந்திய ஆண்டாகிய 1909-இல்தான் கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை நிறைவெய்தியிருந்தது. மிளகும் காம்பியரும் விளைந்த ஜொகூர் மண்ணில், இருப்புப்பாதையை ஒட்டி இரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. குளுவாங் நகரின் வளர்ச்சியும் அப்பாதையை ஒட்டியதே.

காடழித்து மரம் நடவும் பால் வெட்டவும் ஆள் வேண்டியிருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பினாங்கு வழியாக வந்து இறங்கினர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நீக்கப்பட்டபின், கங்காணி முறையே பெருவழியாயிற்று. 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்றுக் குடியேறும் உடலுழைப்பாளரைத் தடைசெய்யும்வரை அவ்வழி திறந்திருந்தது. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்தே சென்றது.

தமிழ்த் தொழிலாளரை வெறும் உடலுழைப்பாளர் என்றே நூல்கள் பல குறிப்பிடுகின்றன. இஃது ஆய்ந்து தெளியவேண்டிய கூற்று. பால்மரப் பட்டையின் அமைப்பைச் சற்றே நோக்குக. பாலை உடைய நுண்குழல்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தின் வளர்படலத்தை ஒட்டியே செறிந்துள்ளன. வெட்டு மேலாக இருந்தால் பால் வாராது. சற்றே ஆழ்ந்தால் வளர்படலம் காயமுற்று, அவ்விடத்தில் முடிச்சு முடிச்சாகப் பட்டை புடைத்து, பின்னாளில் கத்தி செல்லாது. ஆதலின், வளர்படலத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே கத்தி நிற்கவேண்டும். அதுவும் எப்பொழுது? பொழுது புலருமுன், மங்கிய விளக்கொளியில், நூற்றுக்கணக்கான மரங்களில், மரத்துக்கு ஒரு நிமிடமும் செலவிடாமல்.

சீவலின் கனத்திற்கும் கணக்கு உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையில், மழைநாள் நீக்கி ஆண்டுக்கு 150 வெட்டு எனக் கொள்வோம். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் எனின், ஓராண்டில் செலவாகும் பட்டை 22.5 சென்டிமீட்டர். அதுவே இரண்டு மில்லிமீட்டர் ஆனால் 30 சென்டிமீட்டர். 120 சென்டிமீட்டர் உயரமுள்ள வெட்டுமுகம் முன்னதில் ஐந்தாண்டைத் தாண்டி நிற்கும். பின்னதில் நான்கே ஆண்டில் தீர்ந்துவிடும். ஒருமுறை வெட்டிய பட்டை மீண்டும் வெட்டுக்கு ஏற்றதாக வளர ஆறேழு ஆண்டுகளேனும் ஆகும். அரை மில்லிமீட்டரில் ஒரு மரத்தின் ஆயுள் அடங்கியிருந்தது.

இதனாலேயே தோட்டங்களில் கங்காணியும் தண்டலும் துரையும் நிரை நிரையாகச் சென்று வெட்டை ஆராய்ந்தனர். பட்டைச் செலவும் காயமும் கணக்கிடப்பட்டன. காயம் கண்டால் ஏச்சும், சில இடங்களில் கூலிப் பிடித்தமும் நேர்ந்தன. கடுமை மிகுந்த அம்மேற்பார்வையை நாம் போற்றவேண்டுவதில்லை. ஆயின், அதனைத் தாங்கி நின்ற கைத்திறனைப் போற்றாதிருத்தல் அறமாகாது. எழுதப் படிக்க அறியாத தாய்மார் பலர், அளவுகோலின்றி மில்லிமீட்டரை விரல்நுனியால் அறிந்திருந்தனர். அதனை அவர் மகளிர்க்கு மரத்தடியிலேயே பயிற்றுவித்தனர்.

அத்திறனுக்குக் கிடைத்த ஊதியமோ உலகச் சந்தையின் ஏற்றத் தாழ்வோடு கட்டுண்டிருந்தது. 1910-இல் 12 ஷில்லிங் விற்ற இரப்பர், பெருமந்தக் காலமாகிய 1932-இல் மூன்று பென்சுக்கும் கீழிறங்கியது. கூலி குறைந்தது, பல்லாயிரக்கணக்கான தமிழர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அமெரிக்காவில் கார் வாங்குவோர் தொகை குறைந்தமையே அதன் தலையாய காரணம். டயர் தேயாத நாட்டில் பால் விலைபோகாது.

மிதிவண்டிப் படையும் டயர் ஆய்வும்

டயரின் தேய்வு ஒரு வல்லரசின் கவலையாக மாறிய ஆண்டு 1942. அக்கவலைக்குக் காரணமான நிகழ்ச்சிகளுள் ஒரு பகுதி ஜொகூர் மண்ணிலே நடந்தது.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய சப்பானியப் படை, ஐம்பத்தைந்து நாளில் ஜொகூர் நீரிணையை எட்டியது. அதன் விரைவுக்கு மிதிவண்டி ஒரு காரணம். வெப்பத்தில் டயர்கள் வெடித்துப் பழுதுபட்டபோது, படைவீரர் இரும்பு வளையத்தின்மேலேயே மிதித்துச் சென்றனர். அவ்வாறு எழுந்த கடகடவென்னும் ஓசையை இரவில் கேட்டோர் பீரங்கி வண்டிகள் வருவதாக எண்ணி அஞ்சினர் என்று போர் வரலாறுகள் கூறும். இரப்பர் விளையும் நாட்டை இரப்பரற்ற சக்கரம் வென்றது.

குளுவாங்கிலும் காஹாங்கிலும் பிரிட்டிஷார் வானூர்தித் தளங்கள் அமைத்திருந்தனர். 1942 ஜனவரி இறுதிக்குள் இவ்வட்டாரம் சப்பானியர் கையில் வீழ்ந்தது. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. அதன்பின் தோட்டத் தமிழர் பட்ட துயரம் தனியே எழுதத்தக்கது. பல்லாயிரவர் சயாம் - பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். சந்தையை இழந்த தோட்டங்கள் புதர் மண்டின.

இவ்வீழ்ச்சியின் அதிர்ச்சி பசிபிக் மாகடலுக்கு அப்பாலும் உணரப்பட்டது. அமெரிக்கா பயன்படுத்திய இரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தென்கிழக்காசியாவிலிருந்தே சென்றுகொண்டிருந்தது. அந்நாட்டில் போர்க்காலத்தில் முதன்முதலாகப் பங்கீட்டுக்கு உட்பட்ட பொருள் உணவன்று, எண்ணெயன்று, டயரே. 1942 ஜனவரியில் அப்பங்கீடு தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் நாடெங்கும் பெட்ரோல் பங்கீடும் வந்தது. அதன் முதன்மை நோக்கம் எண்ணெயைச் சேமிப்பதன்று, டயர் ஓடும் தொலைவைக் குறைப்பதே. வேக எல்லை மணிக்கு 35 மைலாக்கப்பட்டது. ஒரு காருக்கு ஐந்து டயருக்குமேல் வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டது. குறிப்பிட்ட கால இடைவெளியில் டயர்களைக் காட்டி, ஆய்வாளரிடம் பதிவேட்டில் ஒப்பம் பெறவேண்டும் என்னும் விதியும் பிறந்தது.

நம் தோட்டங்களில் பட்டையின் வெட்டை ஆராய்ந்த அதே வகை மேற்பார்வை, பால் நின்றுபோனமையால் அமெரிக்கரின் வாயிலுக்கே சென்று டயரின் தேய்வை ஆராய்ந்தது. ஒரு மில்லிமீட்டரின் மதிப்பை, அதனை இழந்தபின் உலகம் உணர்ந்தது. இவ்விழப்பின் மறுவிளைவாகச் செயற்கை இரப்பர்த் தொழில் அங்கே மாபெரும் வளர்ச்சி கண்டது. 1944-இல் அந்நாடு ஏழு இலட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்தது.

எனினும் பால்மரம் தோற்றுவிடவில்லை. 1940-களின் பிற்பகுதியில் மிஷலின் நிறுவனம் வெளியிட்ட ஆரவடிவ டயர் உலகெங்கும் பரவியபோது, அதன் பக்கச்சுவருக்கு இயற்கை இரப்பரே ஏற்றதாயிற்று. இன்றும் பெருஞ்சுமை ஏற்றும் லாரியின் டயரும் வானூர்தியின் டயரும் பெரும்பான்மை இயற்கை இரப்பரால் ஆனவை. மிகுந்த சுமையிலும் குறைந்த வெப்பத்தோடு இயங்கும் பண்பு அதற்கு உண்டு.

அளவு சட்டமாயிற்று

போர் முடிந்தபின் சாலைகள் அகன்றன, வேகம் மிகுந்தது. டயரின் தேய்வு, சிக்கனம் பற்றிய செய்தி என்னும் நிலையைக் கடந்து உயிர் பற்றிய செய்தியாயிற்று. 1968 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார் டயர்களில் தேய்வு காட்டும் மேடுகள் வார்க்கப்படவேண்டும் என்று விதிக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஒரு மில்லிமீட்டராயிருந்த எல்லை 1992-இல் 1.6 மில்லிமீட்டராக உயர்த்தப்பட்டது. மலேசியாவிலும் கார் டயருக்கு எல்லை 1.6 மில்லிமீட்டரே.

இந்த அளவு எதன்பொருட்டு? அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டத்தக்க ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 22 மீட்டர். டயரின் அகலம் 20 சென்டிமீட்டர் என்றும், சாலையில் தேங்கிய மழைநீரின் உயரம் 3 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், ஒரு டயர் ஒவ்வொரு நொடியும் 13 லிட்டர் நீரை எதிர்கொள்கின்றது. காண்டாவாளி ஒன்று நிறையும் நீர் அது. ஒரு நொடிக்குள் அவ்வளவும் பக்கவாட்டில் விலகவேண்டும். அல்லது பள்ளங்களின் வழியே வெளியேறவேண்டும். பள்ளம் இன்றேல் நீர் டயரைத் தூக்கிவிடும். டயர் சாலையைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கும். அந்நிலையில் திசைமாற்றியும் பயன்படாது, தடையும் பயன்படாது. சாலையைத் தொடும் டயரின் பரப்பு ஒரு மனிதனின் உள்ளங்கை அளவே என்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை பொழியும் நிலம் காஹாங். 2023 மார்ச் மாதத்தில் ஜொகூரைச் சூழ்ந்த வெள்ளத்தை இன்னும் யாரும் மறந்திலர். இம்மண்ணில் தேய்ந்த டயரோடு செல்பவர், நீரோடு பந்தயம் கட்டுபவரே ஆவார்.

டயரைப் படிக்கும் முறை

ஏட்டைப் படிப்பதுபோல் டயரையும் படிக்கலாம். எல்லா மாணவரும் அறிந்திருக்கவேண்டிய எழுத்துகள் சிலவே.

முதலாவது, எல்லை மேடு. டயரின் முதன்மைப் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குறுக்கே சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும். அவை இருக்கும் இடத்தை டயரின் தோள்பகுதியில் உள்ள சிறு முக்கோணமோ எழுத்துகளோ சுட்டும். மேடு 1.6 மில்லிமீட்டர் உயரமுடையது. மேற்பட்டை தேய்ந்து அம்மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது. புதிய கார் டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். மழை மிகுந்த நாட்டில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுதல் நலம் என்பர் வல்லுநர். ஆழமளக்கும் சிறு கருவி சில வெள்ளிக்கே கிடைக்கின்றது.

இரண்டாவது, தேய்வின் வடிவம். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நின்றால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்து ஓரங்கள் நின்றால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரங்களின் நேரமைப்புக் கோணியுள்ளது. ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்தால் அதிர்வுதாங்கி பழுதுற்றிருக்கலாம். ஆகவே, ஓரிடத்தில் அளந்து அமைதல் போதாது. டயரின் அகலத்தில் மூன்று இடங்களிலும், சுற்றளவில் பல இடங்களிலும் அளக்கவேண்டும். ஒரு மரத்தைச் சுற்றிவந்து வெட்டு முழுவதையும் பார்த்த கங்காணியின் முறையும் இதுவே அன்றோ!

மூன்றாவது, பிறந்த நாள். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். ‘2319’ எனின், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பூ தேயாமல் நின்றாலும் வெயிலாலும் காலத்தாலும் இரப்பர் இறுகி வெடிக்கும். பழைய டயரை மலிவாக வாங்குவோர் இவ்விலக்கத்தைப் படித்தறிதல் வேண்டும்.

வணிக ஊர்திகளைக் குறித்த காலத்தில் ஆய்வுக்கு உட்படுத்தும் ஏற்பாடு மலேசியாவில் 1994 முதல் புஸ்பாகோம் நிலையங்களின் வழி நடைபெற்று வந்துள்ளது. சொந்தக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஆண்டுதோறும் அத்தகைய ஆய்வு இல்லை. அவற்றின் உரிமையாளரே ஆய்வாளர். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர் என்பதை நாம் அறிவோம். அவருள் நம் பிள்ளைகளும் உளர். பள்ளி வேனில் ஏறும் குழந்தைக்கும், தந்தையின் பின்னால் அமர்ந்து வரும் குழந்தைக்கும் டயரின் பள்ளம் ஒன்றே காப்பு.

பெயர் பொறிக்கப்பட்டோரும் பொறிக்கப்படாதோரும்

காலம் மாறிவிட்டது. காஹாங் வட்டாரத்தில் இன்று பால்மரத்தினும் செம்பனையே மிகுதி. உலக இரப்பர் உற்பத்தியில் மலேசியா வகித்த முதலிடம் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாய்லாந்துக்குச் சென்றுவிட்டது. 1970-களில் தொடங்கப்பட்ட ஷா ஆலாம் குட்யியர் தொழிற்சாலையும் 2024-இல் மூடப்பட்டது. மரத்தடியில் மில்லிமீட்டரைக் கற்ற தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்தம் பேரப்பிள்ளைகள் பலர் பால்வெட்டுக் கத்தியைக் கண்டதும் இலர்.

இங்கே ஒன்றைச் சிந்திக்கவேண்டும். டன்லப், மிஷலின், குட்யியர், ஃபயர்ஸ்டோன் என்னும் பெயர்கள் டயரின் பக்கச்சுவரில் எழுத்தெழுத்தாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இவற்றுள் சார்லஸ் குட்யியர் 1860-இல் கடனாளியாகவே மறைந்தவர். அவர் பெயர் கொண்ட நிறுவனத்துக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் பெயரேனும் நின்றது. பால் வெட்டிய நம் மூதாதையரின் பெயர் எந்த டயரிலும் இல்லை. பெரும்பாலும் எந்த நூலிலும் இல்லை.

அவர்க்கு நினைவுச்சின்னம் எழுப்புதல் நன்றே. அதனினும் எளிய செயல் ஒன்று ஆசிரியர் கையில் உள்ளது. வரலாற்றுப் பாடத்தில் ரிட்லியைக் கற்பிக்கும் நாளில், மாணவரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, நிறுத்தியுள்ள வண்டிகளின் டயரைப் பார்க்கச் செய்யலாம். எல்லை மேட்டைக் கண்டுபிடிக்கவும், ஆழத்தை அளந்து ஏட்டில் குறிக்கவும், வீட்டிலுள்ள மோட்டார் சைக்கிளின் டயரைப் பார்த்துவந்து மறுநாள் கூறவும் பணிக்கலாம். அவ்வாறே, தாத்தாவும் பாட்டியும் நாளொன்றுக்கு எத்தனை மரம் வெட்டினர், எத்தனை மணிக்கு எழுந்தனர், பட்டையின் ஆழத்தை எங்ஙனம் அறிந்தனர் என்று கேட்டு எழுதிவரச் சொல்லலாம். இரண்டு ஏடுகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் மாணவன், தன் குடும்பத்தின் தொழிலும் உலகத்தின் சாலையும் ஒரே நூலின் இருமுனைகள் என்பதைத் தானே உணர்வான்.

மரத்துக்குக் காயம்படாமல் ஒன்றரை மில்லிமீட்டரைக் காத்தவர் நம் முன்னோர். உயிருக்குக் காயம்படாமல் 1.6 மில்லிமீட்டரைக் காத்தல் நம் தலைமுறையின் கடமையாகும்.